சேங்கொட்டை

“அண்ணே, இது துணியில எழுதுனா நிக்குமா?”

மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் நோட்டும் பேனாவும் விற்கிற கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால், இந்தக் கேள்வி இரண்டு தடவையாவது காதில் விழும். விடுதிக்குப் போகும் பிள்ளையின் சட்டைக் காலரில் பெயர் எழுத வேண்டும் என்று ஒரு அம்மா கேட்பார். வெயிலில் வெளுத்துவிடுமா என்று நாற்றுப் பையில் ரகம் எழுதப் போகிறவர் கேட்பார். பள்ளி வெள்ளைப் பலகையில் தெரியாமல் இதால் எழுதிவிட்டேன், என்ன செய்வது என்று ஓர் ஆசிரியை பதற்றத்தோடு வருவார். சென்ற தை மாதம் நான் நின்றபோது ஒரு சிறுவன், “ஓட்டுப் போட்டா விரல்ல வெப்பாங்களே, அந்த மையா இது?” என்று கேட்டான்.

கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பர்மனன்ட் மார்க்கரில் இருப்பது சாயம் அல்லது நிறமி, அதை ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் ஏந்தி வைத்திருக்கும் ஆல்கஹால். எழுதியதும் ஆல்கஹால் பறந்துவிடும், பிசினும் நிறமும் தங்கிவிடும். துணியில் நிற்கும், ஆனால் ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் மங்கும். வெயிலில் சாயம் சீக்கிரம் வெளுக்கும், நிறமி கூடுதல் நாள் தாங்கும். பலகையில் எழுதியதன் மேலேயே போர்டு மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஆசிரியையின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

விரல் மை மட்டும் வேறு சாதி. மைசூரில் 1937-இல் தொடங்கிய பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் ஆலையில் செய்வது அது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரலில் ஏறியது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். பழைய காலத்தில் காகிதத்தில் புகைப்படம் பிடித்ததும் இதே வெள்ளி, இதே வெளிச்சம்தான். வாக்குச்சாவடியை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு விரலும் ஒரு சின்னப் புகைப்படத்தைச் சுமந்துகொண்டு வருகிறது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

நான் அங்கே நின்றதும் ஒரு புகைப்படத்துக்காகத்தான். தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அந்தத் திருவிழாவைப் படம்பிடிக்கத்தான் என் சித்தப்பா மகன் கேமராவோடு ஊருக்கு வந்திருந்தான். ஆற்று மணலில் நூறு படம் எடுத்தான். கடைசியில் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப அவன் தேர்ந்தது வீட்டுக்குள் எடுத்த ஒரே ஒரு படம்: ஆயாவின் பழைய நூல்புடவை, அதன் ஓர மடிப்பு, மடிப்பில் கறுப்பாக நான்கு புள்ளி, புள்ளிகளுக்குக் கீழே ஒரு சிறு கோடு.

படத்தின் பின்பக்கம் பெயர், ஊர், தலைப்பு மூன்றும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது போட்டி விதி. முதல் தடவை எழுதி, காய்வதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டான். மேல் படத்தின் எழுத்து கீழ்ப் படத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. வழவழப்பான புகைப்படத்தாள் மையை உறிஞ்சாது; காயும்வரை அது மேலேயே ஈரமாக நிற்கும். மறுபடி அச்சிட்டு, நல்ல மார்க்கராக வாங்கத்தான் கடைக்கு வந்தோம். தலைப்பாக அவன் எழுதியிருந்தது: ‘பழைய காலத்துப் பர்மனன்ட் மார்க்கர்’.

எழுதும்போதே அவனுக்கு அது பிடிக்கவில்லை. “இதுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்குமில்ல?” என்றான்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டோம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சேங்கொட்ட போட்ட குறிடா அது” என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டது.

சேங்கொட்டை கறுப்பாக, வழுவழுவென்று, இதய வடிவில் இருக்கும். மரத்தில் அது ஆரஞ்சு நிறச் சதைக் காம்பின் நுனியில் உட்கார்ந்திருக்கும், முந்திரிப் பழத்தின் நுனியில் முந்திரிக்கொட்டை இருப்பதைப் போலவே. இரண்டும் ஒரே குடும்பம். மாவும் அதே குடும்பம். இலையுதிர் காடுகளில் வளரும் மரம் இது. கொட்டை இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆயா சொன்ன கைப்பக்குவம் இது: சலவைக்கு வந்த துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, வண்ணார்கள் கொட்டையின் மூக்கை ஊசியால் குத்தி, கசியும் பாலை ஊசிமுனையிலேயே தொட்டுத் துணியில் புள்ளி வைப்பார்கள். வைத்தவுடன் மங்கலான பழுப்பாகத்தான் தெரியும். காற்றுப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். மேலே துளி சுண்ணாம்பு தொட்டுவிட்டால் கறுப்பு இறுகிவிடும். பிறகு உவர்மண்ணில் ஊறவைத்தாலும், வெள்ளாவியில் இரவு முழுக்க ஆவி கட்டினாலும், ஆற்றுக்கல்லில் அடித்தாலும் அது போகாது. துணி நைந்து கிழியும்வரை குறி இருக்கும். கடைக்காரர் சொன்ன ‘ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் மங்கும்’ என்ற கணக்கே இதற்குக் கிடையாது.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். பலரும் சேங்கொட்டையைச் ‘செம்மை + கொட்டை’ என்று பிரிப்பார்கள். கொட்டையோ கறுப்பு. காம்பு சிவந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. ‘சே’ என்பதே அந்த மரத்தின் பெயர். அதற்குச் சாட்சி தொல்காப்பியம். எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில், ஏகாரத்தில் முடியும் சொற்களைப் பேசுமிடத்தில், சே என்னும் மரப்பெயர் ஒடு என்னும் மரப்பெயரைப் போலப் புணரும் என்று ஒரு விதி இருக்கிறது. அதாவது நடுவே மெல்லெழுத்து வரும். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் சேங்கோடு, சேஞ்செதிள், சேந்தோல், சேம்பூ. கிளை, செதிள், பட்டை, பூ என்று மரத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள். அந்த வரிசையில் கொட்டையை வைத்துப் பாருங்கள்: சேங்கொட்டை. ஆயா கீரை உருவிக்கொண்டே சொன்ன சொல் தொல்காப்பிய விதிக்கு ஓரெழுத்து பிசகாமல் நிற்கிறது.

அடுத்த விதி இன்னும் அழகு. ‘சே’ என்றால் காளை மாடும்தான். மாட்டைச் சொல்லும்போது மெல்லெழுத்து கூடாது, ‘இன்’ சாரியை வர வேண்டும் என்கிறது இலக்கணம். கோடு என்பதற்குக் கிளை என்றும் கொம்பு என்றும் பொருள் உண்டு. ஆகவே சேங்கோடு என்றால் மரக்கிளை, சேவின்கோடு என்றால் மாட்டுக்கொம்பு. ஓசையில் ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இவ்வளவு அக்கறை! பேச்சில் குழப்பம் வரும் அளவுக்கு இந்த மரம் அன்றாடம் பேசப்பட்டிருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். கோடு என்றால் வரி என்பதும் நமக்குத் தெரியும். புடவையில் சேங்கொட்டைப் பாலால் போட்ட அந்தச் சிறு கோட்டையும் ஒருவர் சேங்கோடு என்று சொன்னால் நான் தடுக்க மாட்டேன்.

சேராங்கொட்டை என்ற இன்னொரு வடிவமும் நாட்டு மருந்துக் கடைகளில் வழங்குகிறது. அதில் உள்ள ‘ர’ இடைச்செருகல் இல்லை. மலையாளத்தில் இம்மரமும் இதைப் போல உடம்பை அரிக்கவைக்கும் இனமரங்களும் ‘சேரு’. கன்னடத்தில் ‘கேரு’. தமிழில் சகரமாக இருப்பது கன்னடத்தில் ககர வர்க்கமாக இருப்பது பழகிய வழி: நம் செவி அவர்களுக்குக் கிவி, நம் சேரி அவர்களுக்குக் கேரி, செய் என்பது கெய். அந்த வழியிலேயே சேரும் கேரும் ஒரே சொல்லாகின்றன. சேங்கொட்டையில் மறைந்த ரகரம் சேராங்கொட்டையில் பத்திரமாக இருக்கிறது. எது பிழை, எது திருத்தம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரண்டுமே பழசு.

இந்தச் சொல்லின் கதையில் என்னை மிகவும் தொட்டது இதன் பிறகு நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கன்னடத்தாருக்குக் கேருவின் நினைவு வந்தது. முந்திரிப்பருப்பைக் கேருபீஜம் என்றார்கள். தெலுங்கில் சேங்கொட்டைக்கு ஜீடி என்று பெயர். முந்திரிப்பருப்பு ஜீடிபப்பு ஆயிற்று. விருந்தாளி வீட்டுக்காரர் பெயரை எடுத்துக்கொண்டதும், வீட்டுக்காரருக்கு அடைமொழி சேர்க்க வேண்டி வந்தது. கன்னடத்தில் கரிகேரு, தெலுங்கில் நல்லஜீடி. இரண்டு அடைமொழிக்கும் பொருள் ‘கறுப்பு’ என்பதுதான்.

ஐரோப்பாவிலும் இதேதான் நடந்தது. அங்கே பழைய மருத்துவ நூல்களில் சேங்கொட்டைக்கு அனகார்டியம் என்று பெயர், இதயம் போன்றது என்ற பொருளில். லின்னேயஸ் 1753-இல் அந்தப் பெயரை முந்திரி இனத்துக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய மகன்தான் சேங்கொட்டைக்குப் புதுப்பெயர் தேடினார். கிரேக்கத்தில் செமெயோன் என்றால் குறி, கார்போஸ் என்றால் காய். சேர்த்து, செமிகார்பஸ் அனகார்டியம். ‘குறிக்காய்’ என்று தமிழில் சொல்லலாம். பறிபோன பழைய பெயர் இரண்டாவது சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுச் சலவைத்துறையில் ஒரு கொட்டை செய்த வேலை, உலகத் தாவரவியலில் அந்த மரத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

தமிழில் இந்தப் பறிப்பு நடக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு கண்ணுக்கு எட்டும் தூரம்வரை இருக்கிறது. அதற்கு நாம் வைத்தது முந்திரி என்ற பெயர். அது திராட்சைக்கு வழங்கிய பெயர், கொடிமுந்திரி என்று சொன்னால் விளங்கும். சேங்கொட்டை தன் பெயரை அடைமொழி இல்லாமல் காப்பாற்றிக்கொண்ட ஓர் இடம் தமிழ்.

பெயர் தப்பியது, கைகள் தப்பவில்லை. இந்தப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். குறி போட்ட துணி உராய்ந்த இடத்தில்கூடச் சிலருக்குப் புண் வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கிய அயல்நாட்டுப் படைவீரர்கள் சலவைக்குப் போட்ட சட்டைகள் இந்தக் குறியோடு திரும்பி வந்தபோது, அவர்கள் கழுத்தில் புண் வந்து மருத்துவர்களிடம் போனார்கள். மருத்துவ ஏடுகளில் அது பதிவானது. வருஷம் முழுக்கக் கொட்டையைக் கையில் பிடித்த வண்ணார்களின் விரல்களைப் பற்றி அப்படி யார் எழுதினார்கள்? ஊரில் எத்தனை வீடோ அத்தனைக்கும் வேறுவேறு குறி அவர்கள் நினைவில் இருந்தது. நான்கு புள்ளி ஒரு கோடு என்றால் எங்கள் வீடு. இரண்டு கோடு ஒரு புள்ளி என்றால் வேறொரு வீடு. பள்ளிக்கூட வாசல் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அவர்களே உண்டாக்கிக்கொண்ட எழுத்து அது. என் கண்ணுக்கு அது எந்த எழுத்துக்கும் குறைந்ததில்லை.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஜம்பை இருக்கிறது. அங்கே குகையில் அதியன் நெடுமான் அஞ்சி அதைக் கொடையாகத் தந்ததாகச் சொல்லும் தமிழ்பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட கேள்விக்கு அந்த ஒற்றை வரி விடை சொன்னது. கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. துணி துவைத்தவர் பெயரை நான் ஆயாவிடம் கேட்டேன். ஆயா யோசித்து, அவர் பெயரையும் அவர் மனைவி பெயரையும் சொன்னது. அந்தம்மாதான் குறி போடுமாம், கண்ணு நல்ல கூர்மை என்றது.

சாயங்காலம் சித்தப்பா மகன் புதுப்படத்தைக் கவிழ்த்துத் திண்ணையில் வைத்தான். மார்க்கர் மூடியைத் திறந்ததும் ஆல்கஹால் வாடை. பழைய தலைப்பை விட்டுவிட்டு, ‘சேங்கொட்டைக் குறி’ என்று எழுதினான். “சே-க்குப் பக்கத்துல ‘ங்’ வருமா?” என்று கேட்டான். வரும் என்றேன். இந்தத் தடவை அடுக்கவில்லை. படத்தின்மேல் எதுவும் படாமல் காயட்டும் என்று காத்திருந்தோம். உள்ளே ஆயா அந்தப் புடவையை, குறி இருக்கும் ஓரம் மேலே தெரியும்படி மடித்து, மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது.