கணினிக்குக் குரல் வந்த கதை

போன ஞாயிறு. நான் புனேயில், அம்மா தஞ்சாவூரில். வீடியோவில் அம்மா வாயசைக்கிறாள். சத்தம் மட்டும் வரவில்லை.

நமக்கு வங்கிக்காரன் புத்தி. கணக்கு உதைத்தால் பழைய பேரேட்டைப் புரட்டுவோம். புரட்டினால், கணினிக்குப் பிறவியிலேயே குரல் கிடையாது! 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கு 'பீப்' ஒன்றுதான் தெரியும். 1987-ல் ஆட்லிப் கார்டு இசை தந்தது. 1989-ல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர், பதிவு செய்த குரலையும் சேர்த்தது. ஆனால் ஆரம்பகால கார்டுகள் கேட்ட ஐஆர்க்யூ 7, பிரிண்டருக்கும் உரியது. இரண்டும் முட்டிக்கொண்டால் கார்டில் ஜம்பரை மாற்றிப் போட வேண்டும்.

1995-ல் விண்டோஸ் 95, 'பிளக் அண்ட் பிளே' என்றது. தலைவலி ஜம்பரிலிருந்து டிரைவருக்கு இடம் மாறியது. 1997-ல் இன்டெலின் ஏசி 97 வந்தபின், ஒலி மெல்ல மதர்போர்டிலேயே குடியேறியது. ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று நிறம் பிரித்தது 'பிசி 99' வழிகாட்டி. 2002-ல் அறிவித்த எச்டிஎம்ஐ, ஒரே கேபிளில் படத்தோடு ஒலியையும் அனுப்பியது.

என் வீட்டுக் கோளாறு அங்கேதான். புதிதாக மாட்டிய மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. கணினியோ சத்தத்தையெல்லாம் அதற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே மக்களே, பச்சைத் துளை, மியூட் பார்த்த கையோடு, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்றும் பாருங்கள். டிரைவரைத் தொடுவது கடைசியில்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததும் அம்மா குரல் வந்துவிட்டது. "இவ்ளோ நேரம் என்னம்மா சொன்னே?" என்றேன்.

"ஒண்ணுமில்லடா" என்றாள்.