மதிலுக்கு வெளியே மலாக்கா

சென்ற இதழில் மலாக்கா ஆற்றின் முகத்துவாரம் வரை வந்தோம். இந்த வாரம் கோட்டைக்குள் நுழைய வேண்டும். ஆனால் நுழைவதற்குக் கோட்டை இல்லை, வாசல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் அந்த சந்தியாகு வாசலைப் பார்க்காமல் மலாக்காவிலிருந்து யாரும் திரும்புவதில்லை. அதன் நெற்றியில் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் உண்டு. இத்தாலியின் லூக்கா நகரில் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மதில் இன்றும் முழுதாக நிற்கிறது. அதன்மேல் மரநிழலில் மக்கள் மாலை நடை போகிறார்கள். மலாக்கா மதிலும் அப்படி நின்றிருக்க வேண்டியதுதான்.

1511 ஆகஸ்டில் நகரைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க், உடனே கோட்டை கட்டத் தொடங்கினார். கல் செம்புறைக்கல், கரைக்கு எதிரே உள்ள உப்பே தீவிலும் வெட்டி எடுத்தார்கள். இடிக்கப்பட்ட பள்ளிவாசல்களின் கற்களும் சுல்தான் பரம்பரையின் கல்லறைக் கற்களும் அதே சுவருக்குள் போயின. நாளடைவில் மதில் குன்றையே வளைத்துக்கொண்டது. நான்கு வாசல்கள் இருந்தும் இரண்டுதான் புழக்கத்தில் இருந்தன. 1641 ஜனவரியில், பல மாத முற்றுகைக்குப் பின் டச்சுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள்.

ஆங்கிலேயருக்கு ஒரு பயம். ஊரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கோட்டை எதிரியின் கையில் ஆயுதமாகிவிடுமே! 1807-இல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்க்குவார் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். மறுஆண்டு மலாக்கா வந்த ராஃபிள்ஸ் தடுத்து எழுதியிராவிட்டால் இந்த ஒரு வாசலும் மிஞ்சியிருக்காது.

தகர்ப்பை நேரில் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடி என்று அவரைப் பாடநூல்கள் சொல்கின்றன. அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வந்து அங்கே பெண் எடுத்தவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறோமா? அவர் தமிழும் படித்தவர். மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்று வழக்கமாக இருந்தது, அது வணிகத்தின் மொழி என்பதால். அவரே தம் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தமிழ் வணிகர்கள் குடியிருந்தது மதிலுக்குள் அல்ல. ஆற்றின் மறுகரையில் உப்பே என்ற பகுதியில். அவர்களில், அல்புகர்க் காலத்து ஒருவரை மட்டும் இங்கே நிறுத்திப் பேச வேண்டும். போர்த்துகீசியர் அவரை 'நீனா சாத்து' என்று எழுதினார்கள். 'நீனா' நம் 'நயினா'தான் என்பது காதில் விழும்போதே தெரிகிறது. 1509-இல் வந்த போர்த்துகீசியக் கப்பல்களிலிருந்து சிறைப்பட்டவர்களுக்கு உணவும் உதவியும் கொடுத்தவர் இவர். கைதிகளின் கடிதம் அல்புகர்க்குக்குப் போய்ச் சேரவும் துணை நின்றார். போர்த்துகீசியர் வெற்றிக்குப் பின் அவருக்குப் பெண்டாகாரா என்னும் தலைமைப் பதவி வந்தது. மூன்றே ஆண்டில், 1514-இல், அந்தப் பதவியைப் பிடுங்கி கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். நீனா சாத்து சந்தனக் கட்டைகளை அடுக்கி, ஊரார் பார்க்கத் தீயில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்தார்கள். துரோகி என்று ஒரே சொல்லில் அவரை முடித்துவிடுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்நியனுக்கு உதவியதன் விலையை அவர் உயிராகக் கொடுத்துவிட்டார்.

அவர் மரபினரின் கரையை இப்போதும் பார்க்கலாம். பாலம் தாண்டி ஜாலான் துக்காங் ஈமாஸுக்குப் போனால் பொய்யாத விநாயகர் கோயில். 1781-இல் மலாக்கா செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டி, டச்சு அரசு தந்த நிலத்தில் எழுப்பியது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. காஜா பேராங்கில் செட்டிகளின் கிராமமும் 1822-ஐச் சேர்ந்த முத்துமாரியம்மன் கோயிலும். செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். ஆனால் பொங்கலும் முன்னோர் படையலும் தவறுவதில்லை. மாரியம்மனுக்கு எடுக்கும் விழாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் மலாயில் அம்மை.

இடிந்த மதிலும் ஊர்ப்பெயர்களில் ஒளிந்திருக்கிறது. தெங்கேரா என்பது 'திரங்கேரா', போர்த்துகீசியத்தில் காப்பரண். கூபு என்றாலும் மலாயில் அரண்தான். அந்தக் கூபுவில் இன்று இருப்பது ஒரு தமிழ்ப்பள்ளி!

நகரைவிட்டு உள்நாட்டுக்குப் போவோம். வடக்கே அலோர் காஜா வழியாக நானிங். விளைச்சலில் பத்தில் ஒன்று வரி கேட்ட ஆங்கிலக் கம்பெனியை 1831-இல் எதிர்த்து நின்றார் அதன் தலைவர் பெங்ஹுலு டோல் சாயிட். அவரை அடக்க அந்தக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்களில் சென்னைப் படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். முதல் படை தோற்றுத் திரும்பியது; மறுஆண்டு பெரும்படை போய்த்தான் அவர் ஊரான தாபோவைப் பிடிக்க முடிந்தது.

கிழக்கே ஜாசின், ஆசஹான். தலைக்குமேல் 1,276 மீட்டர் லேடாங் மலை. 1896-இல் மலாக்காவின் தான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்து புக்கிட் ஆசஹான். அந்த மலையடிவாரத்துக்கு, கங்காணி கையால் 1938 வரை நம் சனம் வந்துகொண்டே இருந்தது. விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டு, தலையில் விளக்கு, பால்வாளி, லயத்து வீடு, முனியாண்டி கோயில். மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் இருந்த இடமே தெரியவில்லை. தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் சில நிற்கின்றன.

2006-இல் மலாக்காவில் சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றி, கொத்தளத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றது. அந்நியன் கட்டிய கல்லுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது. லயத்துக்கு அது கிடைக்கவில்லை என்பது என் தீராத வருத்தம்.

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பிறந்த வாசகர்களே, உங்கள் தோட்டத்தின் பெயர், கோயிலின் பெயர், பாட்டன் வந்த ஊர், பள்ளிக்கூடம் எந்த டிவிஷனில் இருந்தது என்ற விவரம், கையில் இருந்தால் ஒரு பழைய படம், இவற்றை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் இந்தத் தொடர் அவற்றைக்கொண்டே நடக்கும்.