முதற்பிரிவின் மீது வைத்த ஆசை

அரபு இலக்கணத்தில் ‘இன்ன’வும் அதன் சகோதரிகளும் என்று ஆறு இடைச்சொற்களைச் சேர்த்து ஓதுவது வழக்கம். மதரசாவில் நஹ்வுப் பாடம் கேட்ட எவரும் அவற்றை எளிதில் மறந்திருக்க மாட்டார். அவற்றுள் ‘லைத்த’, ‘லஅல்ல’ என்னும் இரண்டும் ஆசையைக் குறிப்பன. ஆயின் அவை குறிக்கும் ஆசை ஒன்றன்று. கைகூடாது என்பதை நெஞ்சு அறிந்தும் ஏங்குவதற்கு லைத்த. முதியவன் தன் இளமை மீண்டு வாராதா என ஏங்குவது போல. கைகூடக்கூடும் என்று எதிர்நோக்குவதற்கு லஅல்ல. வெளியூர் சென்ற மகன் இன்றிரவு வந்துவிடக்கூடும் என்று தாய் வாசலைப் பார்த்திருப்பது போல. முன்னதைத் தமன்னீ என்றும் பின்னதைத் தரஜ்ஜீ என்றும் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தனர்.

இப்பாடத்தை நெடுங்காலமாக நடத்திவரும் நாம், கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதும்போது இது துணைக்கு வரும் என்று எண்ணியதேயில்லை. எண்ணச் செய்தவர் நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர். சென்னையில் தோல் வணிகத்தில் இருக்கிறார். 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தவர், தொழுகை முடிந்து ஸலாம் சொல்ல வந்த இடத்தில் இதைக் கேட்டார்:

“ஹஜ்ரத், கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் மேற்பிரிவுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். கீழே இருந்த வரைக்கும் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். மேலே போய் இருபத்துநான்கு ஆட்டம் ஆடி இரண்டில்தான் ஜெயித்தார்கள். மேலே போகட்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டதே பிழையோ?”

பெருநாள் காலையில் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் சிரித்துவிட்டோம். பின்னர் நினைத்துப் பார்த்தபோது அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று என்று தெரிந்தது. தம் கழகம் மேற்பிரிவுக்கு ஏறவேண்டும் என்று கோடிக்கணக்கானோர் உலகெங்கும் வாயால் சொல்கின்றனர். அவர்கள் மெய்யாகவே அதை விரும்புகின்றனரா? அன்றி, ஏங்கிக்கொண்டே இருப்பதைத்தான் விரும்புகின்றனரா?

ஏறுவதும் இறங்குவதுமான இம்முறை பிறந்த இடம் இங்கிலாந்து. 1888இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி அங்கே லீக் ஒன்றை அமைத்தன. 1892இல் அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு ஒன்று ஏற்பட்டது. மேற்பிரிவின் கடைசியில் நின்ற கழகங்களும் கீழ்ப்பிரிவின் முதலில் நின்ற கழகங்களும் ஆண்டு முடிவில் தமக்குள் மோதி, எது மேலே, எது கீழே என்று முடிவு செய்துகொண்டன. தேர்வாட்டம் என்று அதற்குப் பெயர். 1898இல் ஸ்டோக், பர்ன்லி என்னும் இரு கழகங்கள் ஸ்டோக் ஊரில் அத்தகைய ஆட்டம் ஒன்றில் எதிர்நின்றன. சமனாக முடிந்தால் இரண்டுக்குமே மேற்பிரிவில் இடம் உறுதி என்பது கணக்கு. ஆகவே இரு சாராரும் கோலடிக்க முயலவேயில்லை. பந்து இங்குமங்கும் உருண்டது. கோல் விழாமலே ஆட்டம் முடிந்தது. காசு கொடுத்து வந்திருந்த மக்கள் கொதித்துப்போய், தம் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தர மறுத்தனர். இந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகு தேர்வாட்டம் ஒழிந்தது. புள்ளிக் கணக்கைக் கொண்டே கழகங்கள் ஏறவும் இறங்கவுமான முறை வந்தது.

இதில் நம் கருத்தை ஈர்ப்பது அம்மக்களின் சினம். தம் ஊர்க் கழகம் மேற்பிரிவில் நிற்கப் போகிறது என்பதை அறிந்துகொண்டே அவர்கள் சினந்தனர். கேட்டது கிடைத்தது; கிடைத்த விதம் பிடிக்கவில்லை. ஆக, மேற்பிரிவில் ஓர் இடம் மட்டுமே இரசிகனின் நாட்டம் என்று நாம் சொல்லிவிட இயலாது.

நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர். காலணித் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர்க் கழகம் 1961இல் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கும், 1963இல் அதனின்று இரண்டாம் பிரிவுக்கும், 1965இல் முதற்பிரிவுக்கும் ஏறிற்று. முதற்பிரிவில் அது இருந்தது ஒரே ஓர் ஆண்டு. 1966இல் இறங்கி, 1967இல் மேலும் இறங்கி, 1969இல் புறப்பட்ட நான்காம் பிரிவுக்கே வந்து சேர்ந்தது. ஏறிய ஏணியிலேயே இறங்கிவிட்டார்கள். அந்த ஒற்றை ஆண்டை அவ்வூரார் அவமானமாகக் கருதினரா என்றால், இல்லை. இன்றும் அதைத் தம் கழகத்தின் பொன்னாண்டாகவே நினைவுகூர்கின்றனர். அவர்களுடைய பழைய மைதானத்தில் மிகப் பெருங்கூட்டம் கூடியதும் அந்த ஆண்டில்தான்: 1966 ஏப்ரலில் புல்ஹாம் கழகத்துடன் ஆடியதைக் காண 24,523 பேர் வந்தனர். அந்த ஆட்டத்திலும் தோல்வியே.

டெர்பி நகரத்தார் கதை இன்னும் கடுமை. 2007இல் அவர்கள் கழகம் மேற்பிரிவுக்கு ஏறிற்று. அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்களில் வென்றது ஒன்றே. பெற்ற புள்ளிகள் 11. மார்ச்சு மாதத்திலேயே இறக்கம் உறுதியாகிவிட்டது. ஆயினும் அந்த ஆண்டு முழுதும் அவர்கள் மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 32,000க்கும் மேற்பட்டோர் கூடினர். ஒருவன் எதை விரும்புகிறான் என்பதை அவன் நாவைக் கேட்டு அறிவதைவிட, மழையில் அவன் கால் எங்கே போகிறது என்று பார்த்து அறிவது நலம். டெர்பிக்காரர்களின் கால்கள் தோல்வியை நோக்கியே வாரந்தோறும் நடந்தன.

இனி, மாணவர் கேட்ட கல்கத்தாவுக்கு வருவோம். அங்கே மேற்பிரிவு என்பதன் பொருளே வேறாக இருந்தது.

கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியபோது அது வெள்ளையருக்கே உரியது. பட்டாளங்களும் ஐரோப்பியக் கழகங்களும் ஆடின. 1911இல் மோகன் பகான் வெறுங்காலால் ஆடி, கிழக்கு யார்க்சயர்ப் பட்டாளத்தை வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற பிறகும், லீக்கின் கதவு உடனே திறந்துவிடவில்லை. 1914இல் இரண்டாம் பிரிவில் இந்தியக் கழகங்களுக்கு இடம் கிடைத்தது. 1915இல் மோகன் பகான் முதற்பிரிவுக்குச் சென்றது. அப்பொழுதும் முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்று ஒரு கட்டு இருந்தது. கிழக்கு வங்காளக் கழகம் 1924இல் தகுதி பெற்றபோதுதான் அக்கட்டு தளர்ந்து, அடுத்த ஆண்டு அது உள்ளே வந்தது. ஆடி வென்றாலும் நுழையவொட்டாத மேற்பிரிவு அது. அதன்மீது ஓர் இந்தியன் வைத்த ஆசை, நம் இலக்கணப்படி, நெடுங்காலம் ‘லைத்த’வாகவே இருந்தது என்க.

1891இல் நிறுவப்பெற்ற முஹம்மதன் ஸ்போர்ட்டிங் பல ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் கிடந்தது. அதனிடமிருந்து யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பின்னர் அதை நடத்தியோர் இரண்டு காரியம் செய்தனர். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தேடிக் கொணர்ந்தனர். மழைக்காலச் சேற்றில் வெறுங்காலால் ஆடி வழுக்கும் வழக்கத்தை விட்டு, ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினர். சிறிய செய்தி போலத் தோன்றும்; கல்கத்தாவில் லீக் நடப்பதே மழைக்காலத்தில் என்பதை அறிந்தவர்க்கு அதன் பெருமை விளங்கும்.

1934இல் முதற்பிரிவில் கால் வைத்தது. முந்திய மூன்று ஆண்டுகளும் பட்டம் பெற்றிருந்தது டர்ஹாம் காலாட்படை. ஏறிய அதே ஆண்டில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் லீக்கை வென்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் வெல்லாத லீக் அது. 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்தாண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. 1936இல் கேடயமும் சேர்ந்தது. அந்த ஆண்டில்தான் அதன் ஆட்டக்காரர் முஹம்மது ஸலீம் ஸ்காத்லாந்து சென்று, காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் கழகத்துக்காக ஆடினார். சங்கத்தோடு ஏற்பட்ட பிணக்கால் 1939இல் லீக்கினின்று விலகிற்று. 1940இல் திரும்பி வந்து மீண்டும் வென்றது. அந்த ஆண்டு டிசம்பரில் தில்லியில் ட்யூராண்ட் கோப்பையையும் கைப்பற்றிற்று. 1888இல் தொடங்கிய அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் அதுவே.

இவ்வெற்றிகளைப் பாடும்போது ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. வெள்ளையனை வீழ்த்தியதில் எல்லா இந்தியரும் மகிழ்ந்திருக்க வேண்டிய காலத்தில், அரசியல் பிளவு மைதானத்துக்குள்ளும் புகுந்தது. எந்தக் கழகத்தின் இரசிகன் என்பது எந்தச் சமயத்தவன் என்பதாகக் குறுகிற்று. 1947இல் நாடு பிரிந்தபோது, இக்கழகத்தின் இரசிகர்களில் பெருந்தொகையினர் எல்லைக்கு அப்பால் ஆயினர். மேலேறிய கழகம் தன் கீழிருந்த மண்ணில் பாதியை இழந்தது போன்ற நிலை அது. அதன்பின் 1948, 1957, 1967, 1981 எனப் பட்டங்கள் எப்போதோ ஒருமுறை வந்தன. 1981க்கும் அடுத்த பட்டத்துக்கும் இடையே நாற்பதாண்டுகள். 2014இல் பணமின்றி மூத்தோர் அணியையே கலைப்பதாக அறிவிக்கும் நிலையும் வந்தது.

அந்த நாற்பதாண்டுகளில் கல்கத்தாவின் இரசிகர் ஒருவரிடம் ‘உங்கள் கழகம் இந்தியாவின் மேற்பிரிவில் ஆடுமா?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஆடாதா என்று பெருமூச்சு விட்டிருப்பார். அந்தப் பெருமூச்சில் ஒரு சுகமும் உண்டு. தோற்கவே முடியாத ஆசை அது. பாட்டனார் கண்ட 1934ஐப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை மெய்ப்பித்துக் காட்டு என்று எவரும் கேளார்.

2021இல் கல்கத்தா லீக்கை வென்றனர். 2022இல் ஐ-லீக் பட்டத்தைக் கோகுலம் கேரளத்திடம் கடைசி ஆட்டத்தில் இழந்தனர். 2024 ஏப்ரல் 6ஆம் நாள் ஷில்லாங்கில் லஜோங் கழகத்தை 2-1 என வென்று அதே பட்டத்தைப் பெற்றனர். அதனால் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் உரிமை கிடைத்தது. மோகன் பகானும் கிழக்கு வங்காளமும் 2020இல் அந்த லீக்கில் சேர்ந்தவை. ஆனால் ஏணியில் ஏறியன்று, முதலாளிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டால். முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஆடி ஏறிற்று. இந்த வேறுபாட்டை அதன் இரசிகர்கள் பெருமையோடு சொல்வதில் குற்றமில்லை.

ஏறிய பின் நடந்தது மாணவர் சொன்னதே. பதின்மூன்று கழகங்களில் பதின்மூன்றாம் இடம். 24 ஆட்டங்களில் 13 புள்ளிகள். கிழக்கு வங்காளத்தில் இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேரே எஞ்சியிருந்த ஆட்டத்திலும் ஒரு கோல் அடிக்க முடியவில்லை. ஊதியம் வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வராத நாள்களும் இருந்தன. ரஷ்யப் பயிற்சியாளர் பருவத்தின் இடையிலேயே விலகிச் சென்றார். 1934இல் ஏறியவர்கள் ஏறுவதற்கு முன்பே ஆளும் பூட்ஸும் தேடி வைத்திருந்தனர். 2024இல் ஏறியவர்களோ ஒட்டகத்தைக் கட்டாமலே கூடாரத்துக்குள் உறங்கப் போயினர். இரசிகனின் ஆசையில் பிழை காண்பதற்கு முன் இதைக் காணவேண்டும். ஆசைப்பட்டது ஒரு கூட்டம். ஆயத்தம் செய்யவேண்டியிருந்தது வேறொரு சிறு குழு.

மாணவரிடம் இவற்றைச் சொன்னோம். லைத்தவையும் லஅல்லவையும் நினைவூட்டினோம். கைகூடாத வரை ஆசை நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. கைகூடிய மறுநாளே விலை கேட்கத் தொடங்குகிறது. அந்த விலையைக் கண்டுதான் நீர் மிரள்கிறீர் என்றோம். பொறுமையாகக் கேட்டார். முழுதும் ஒப்பினாரா என்பது ஐயமே. தோற்றுக்கொண்டே இருப்பது எப்படி என்று எந்த நஹ்வு நூலிலும் இல்லையே, ஹஜ்ரத் என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

பிறகு பேச்சு அந்த இரண்டு வெற்றிகளுக்குத் திரும்பிற்று. இரண்டும் தென்னாட்டில் கிடைத்தவை: ஒன்று 2025 ஜனவரியில் பெங்களூரில்; முந்தியது 2024 செப்டம்பர் 26ஆம் நாள் சென்னையில். சென்னையின் எப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே லால்ரெம்சங்கா அடித்த ஒரே கோலால் வென்ற ஆட்டம் அது. இந்தியன் சூப்பர் லீக்கில் கழகம் பெற்ற முதல் வெற்றி.

“அன்றைக்கு நான் அங்கே இருந்தேன், ஹஜ்ரத்,” என்றார். கடையை மாலையிலேயே அடைத்துவிட்டுப் போனாராம். சின்ன வயதில் அவருடைய வாப்பா சொல்லக் கேட்ட கறுப்பு வெள்ளைச் சட்டையை அன்றுதான் முதன்முதலாக நேரில் கண்டாராம்.

“மேலே போயிராவிட்டால் அவர்கள் சென்னைக்கு வந்திருக்கவே மாட்டார்கள்,” என்று சொல்லிவிட்டு, தாம் முதலில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தவராகச் சற்று வெட்கினார். உள்ளிருந்து சேமியாப் பாயசம் வந்தது; பேச்சு வேறு பக்கம் போயிற்று.