ஃபோர்ஜ்டு வீல்: விலை எங்கே குறைஞ்சது?

இன்னைக்கு எபிசோடு வரலாறுதான். ஆனா அது ஒரு ஷாப்பிங் கேள்வியில இருந்து கிளம்புது. ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்களும், வாங்கணும்னு கனவு காண்றவங்களும் கேட்கிற அதே கேள்வி: "ஃபோர்ஜ்டு வீல் போடணும், ஆனா கட்டுப்படியாகிற விலையில வேணும். எதை வாங்கலாம்?"

நான் இங்க ஒரு பிராண்ட் லிஸ்ட் வாசிக்கலாம். ஆறு மாசத்துல அது பழசாயிடும். அதுக்குப் பதிலா ஒரு கேள்வியைக் கையில வச்சுக்கிட்டா எந்தக் கடையிலும் உதவும். "இந்த வீலோட விலை குறைஞ்சிருக்கு, சரி. எதைக் குறைச்சதால குறைஞ்சது?" இதுக்குப் பதில் தெரியணும்னா, ஃபோர்ஜ்டு வீல் ஏன் முதல்ல அவ்வளவு விலையா இருந்துச்சுன்னு தெரியணும்.

வார்ப்பும் அடிப்பும்

அலாய் வீலை ரெண்டு வழியில செய்யலாம். ஒண்ணு வார்ப்பு. உருக்கின அலுமினியத்தை அச்சுக்குள்ள ஊத்தி ஆற விடணும். இட்லி மாதிரி யோசிச்சுக்கோங்க. வடிவம் சுலபமா வந்துடும், ஆனா உள்ளே சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். இன்னொண்ணு ஃபோர்ஜிங். உருக்காம, சூடாக்கின திட உலோகத்தை பிரம்மாண்டமான பிரஸ்ல வச்சு அமுக்குறது. பட்டறையில கொல்லர் செய்யுற அதே வேலைதான், ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்துல. உள்ளே இருக்கிற துளைகள் மூடிக்கும். உலோகத்தோட உள் இழைகள் வடிவத்தோட சேர்ந்து வளையும். அதனால அதே பலத்துக்குக் கம்மி உலோகம் போதும்.

கம்மி உலோகம்னா கம்மி எடை. வீல்ல எடை குறையுறதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வீல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கு. ரோட்டுல ஒரு மேடு வந்தா, வீல் எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு சீக்கிரம் டயர் திரும்பத் தரையைப் பிடிக்கும். அடுத்தது, வீல் முன்னாடி போறது மட்டுமில்லாம சுத்தவும் செய்யுது. ரிம்மோட ஓரத்துல இருக்கிற 1 கிலோவை வேகமெடுக்க வைக்க, கார் உள்ளே இருக்கிற 1 கிலோவை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு முயற்சி தேவைப்படும்.

பிரஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தாங்க?

அலுமினிய வீல் புதுசு இல்லை. 1924-லயே புகாட்டி டைப் 35 ரேஸ் கார் பிரான்ஸோட லியோன் நகரத்துல வார்ப்பு அலுமினிய வீலோட ஓடுச்சு. பிரேக் டிரம்மே வீலோட சேர்ந்து வார்க்கப்பட்டிருந்தது. ஆனா ஃபோர்ஜ்டு வீலுக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டி இருந்துச்சு. அதுவும் முதல்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு வரலை, லாரிக்குத்தான் வந்தது. 1948-ல அமெரிக்காவோட அல்கோவா கம்பெனி ஃபோர்ஜ்டு அலுமினிய லாரி வீலைக் கொண்டுவந்தது. வீல்ல மிச்சமாகிற எடைக்கு லாரிக்காரர் சரக்கு ஏத்திக்கலாம் இல்லையா? கணக்கு நேரா லாபத்துல தெரியும்.

தடையா இருந்தது பிரஸ். இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஜெர்மனிக்காரங்க ராட்சத பிரஸ்ஸுகளை வச்சு விமானத்தோட பெரிய பாகங்களை ஒரே துண்டா அடிச்சு எடுத்தாங்க. போர் முடிஞ்சதும் அந்த பிரஸ்ஸுகள் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பங்கு பிரிஞ்சு போச்சு. பெரிய பிரஸ் சோவியத் பக்கம் போனது அமெரிக்காவுக்கு உறுத்துச்சு. 1950-ல அமெரிக்க விமானப்படை ஒரு பெரிய திட்டம் போட்டு 10 ராட்சத இயந்திரங்களைக் கட்டுச்சு. அதுல ஒண்ணு கிளீவ்லாண்டுல இருக்கிற 50,000 டன் பிரஸ். 1955-ல ஓட ஆரம்பிச்சது. எந்த வீல் கம்பெனியும் தனியா அந்த மாதிரி முதலீடு போட்டிருக்க முடியாது. அலுமினியத்தைப் பெரிய அளவுல அடிக்கிற கலையை வளர்த்துவிட்டது வானத்துல பறக்குற தொழில்தான், அரசாங்கக் காசுல.

ஸ்போர்ட்ஸ் கார் கதையிலும் இதே வாசனை இருக்கு. ஜெர்மனியில மைனர்ட்ஸ்ஹாகன்னு ஒரு ஊர். அங்கே 1910-ல தொடங்கின ஓட்டோ ஃபுக்ஸ் கம்பெனி விமானப் பாகங்களை ஃபோர்ஜ் பண்ணிப் பழகினது. போர்ஷே தன்னோட 911 எஸ் காருக்கு லேசான வீல் கேட்டப்போ, ஃபுக்ஸ் ஃபோர்ஜ்டு வீலைச் செஞ்சு கொடுத்தது. 1966-ல அந்தக் கார் வெளிவந்தது. பூ மாதிரி ஐந்து இதழ். முதல் அளவு 15 இன்ச், அகலம் வெறும் நாலரை இன்ச். இன்னைக்கும் பழைய 911-ஐ நினைச்சா கண்ணு முன்னாடி வர்ற வீல் அதுதான்.

3.7 கிலோ

அடுத்த பெரிய பெயர் ஜப்பானோட ரேஸ். 1973-ல தொடங்கின கம்பெனி. 1996-ல வோல்க் ரேசிங்கற பெயர்ல டிஇ37-ஐ விட்டாங்க. அந்த 37 சும்மா வச்ச நம்பர் இல்லை. 15 இன்ச், 6 இன்ச் அகலம் இருக்கிற அளவுல அதோட எடை 3.7 கிலோ. எடையையே பெயரா வச்சாங்க. மாடல் பெயரைப் படிச்சாலே ஸ்பெக் ஷீட் படிச்ச மாதிரி.

சரி, இந்தக் கம்பெனிகள் எல்லாம் பெயருக்காகத்தான் விலை ஏத்துறாங்களா? ஓரளவுக்கு இருக்கலாம். ஆனா பிபிஎஸ்ஸைப் பாருங்க. 1970-ல ஜெர்மனியோட ஷில்டாக் ஊர்ல பவும்கார்ட்னர், பிராண்ட்னு ரெண்டு பேர் தொடங்கினது. வீல் உலகத்துல அதுக்கு மேல மரியாதை எந்தப் பெயருக்கும் கிடையாது. அந்த ஜெர்மன் கம்பெனி 2007-ல ஒரு தடவை திவால் மனு போட்டது, 2020-ல மறுபடியும் போட்டது. பெயரை வச்சே காசு அள்ள முடியும்னா இது நடந்திருக்காது. இந்தத் தொழில்ல செலவு நிஜமாவே இருக்கு.

விலை குறைஞ்ச மூணு வழி

முதல் வழி, ஏற்கெனவே இருக்கிற பிரஸ்ஸைப் பயன்படுத்துறது. சோவியத் யூனியன் 1991-ல உடைஞ்ச பிறகு விமான ஆர்டர்கள் வத்திப்போச்சு. டைட்டானியத்துக்குப் பேர்போன விஎஸ்எம்பிஓ, யூரல் மலைப் பகுதியில 75,000 டன் பிரஸ் வச்சிருக்கிற ஆலை, கார்களுக்கு ஃபோர்ஜ்டு அலுமினிய வீலும் செஞ்சு வித்தது. பிரஸ்ஸோட கடனை எப்பவோ யாரோ கட்டி முடிச்சாச்சு. இங்க விலை குறைஞ்சது தரத்தைக் குறைச்சதால இல்லை.

ரெண்டாவது வழி, ஃபுளோ ஃபார்மிங். வீலை வார்ப்புலதான் செய்வாங்க. அப்புறம் ரிம் பகுதியை மட்டும் சூடாக்கி, சுத்த விட்டு, உருளைகளால அழுத்தி இழுப்பாங்க. ரிம் மெலிசாகும், பலமும் கூடும். ஜப்பானோட என்கெய் கம்பெனியின் ஆர்பிஎஃப்1 இந்த வகைதான், லேசான வீல்னு நல்ல பெயர் எடுத்தது. இது நேர்மையான தொழில்நுட்பம். பிரச்சினை பெயர்ல இருக்கு. சிலர் இதையே "ரோட்டரி ஃபோர்ஜ்டு", "ஃபுளோ ஃபோர்ஜ்டு"னு விக்கிறாங்க. வீலோட நடுப்பகுதியும் ஆரங்களும் வார்ப்புதான். ஃபோர்ஜ்டுங்கற வார்த்தைக்காக நீங்க கூடுதலா எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

மூணாவது வழிதான் இன்னைக்கு சந்தையை மாத்தினது. முன்னாடி ஒவ்வொரு டிசைனுக்கும் தனி ஃபோர்ஜிங் அச்சு வேணும். அச்சுக்கு விலை அதிகம். இப்போ பல பேர் ஆரமே இல்லாத ஒரு பொதுவான வட்டை ஃபோர்ஜ் பண்ணி, மிச்சத்தை சிஎன்சி மெஷின்ல செதுக்கி எடுக்கிறாங்க. ஒரே வட்டுல இருந்து நூறு டிசைன் வரும். நீங்க வரைஞ்சு அனுப்பினதைக் கூட நாலே நாலு வீலா செஞ்சு கொடுப்பாங்க. உலோகம் உண்மையிலேயே ஃபோர்ஜ்டுதான், பொய் இல்லை. அப்போ என்ன குறைஞ்சது?

காணாமப் போன செலவு

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையோட மையம் இதுதான். ஒரு வீலை நம்பணும்னா மூணு சோதனை தாண்டணும். வளைச்சுக்கிட்டே சுத்த விட்டு, திருப்பத்துல வர்ற விசையைப் போலச் சோர்வு ஏத்துறது ஒண்ணு. டயரோட டிரம் மேல பாரம் ஏத்தி ஓட்டுறது இன்னொண்ணு. 13 டிகிரி சாய்ச்சு வச்சு மேலிருந்து எடையைப் போடுறது மூணாவது. அடி விழுந்த பிறகு நடுப்பகுதியில விரிசல் ஊடுருவக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குள்ள டயர்ல இருக்கிற காத்து முழுக்க இறங்கக் கூடாது. சோதனைக்குப் போன வீல் திரும்ப விற்பனைக்கு வராது.

அச்சு விலை அதிகமா இருந்த காலத்துல, ஒரு டிசைனை ஆயிரக்கணக்குல வித்தாத்தான் போட்ட காசு வரும். சோதனைச் செலவும் அந்த ஆயிரக்கணக்கான வீல்களுக்குப் பிரிஞ்சு போயிடும். சிஎன்சி வந்ததும் ஒரு டிசைனுக்கு நாலு வீல்தான். அந்த நாலு வீலுக்காக இன்னும் சில வீலை உடைச்சுப் பார்க்க யார் காசு கொடுப்பாங்க? நம்ம தொழில்ல ஒரு லைன் கோடு மாத்தினாலும் டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டணும்னு சொல்வோம். இங்க ஒவ்வொரு ஆர்டரும் புது கோடு. நல்ல கம்பெனிகள் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, மோசமான அளவை எடுத்து நிஜமாவும் சோதிக்கிறாங்க. மத்தவங்க அப்படியே ரிலீஸ் பண்றாங்க. 150 கிலோமீட்டர் வேகத்துல ஒரு ஆரம் விரிஞ்சா ரோல்பேக் கிடையாது.

அதனால என்ன செய்யலாம்?

கட்டுப்படியாகிற ஃபோர்ஜ்டு வீல் வேணும்னா, எதையும் செஞ்சு கொடுப்பேன்னு சொல்றவங்களை விட, குறிப்பிட்ட கார்களுக்காகச் சில டிசைன், சில அளவுகளை மட்டும் நிறையச் செய்யுறவங்ககிட்ட போங்க. அமெரிக்காவோட அபெக்ஸ், டைட்டன் 7 எல்லாம் இந்த வழியில போறவங்க. அங்கே சோதனைச் செலவு பிரிஞ்சு போக வழி இருக்கு.

முத்திரையைப் படிங்க. ஜப்பான்ல ஜேடபிள்யூஎல்ங்கறது தயாரிப்பாளர் தானே உறுதி சொல்றது. விஐஏ இருந்தா வெளியாள் சோதிச்சுப் பதிவு பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஜெர்மனியில அனுமதி வாங்கின வீல்ல கேபிஏ எண் பொறிச்சிருக்கும். முத்திரையைப் போலியாவும் அடிக்கலாம், அதனால உங்க அளவுக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்க. பாரத் தாங்குதிறனையும் பாருங்க. முன் அச்சோட உச்ச பாரம் 900 கிலோன்னா ஒவ்வொரு வீலும் குறைஞ்சது 450 கிலோ தாங்கணும். ஆஃப்செட், நடு ஓட்டையோட அளவு, பிரேக் காலிப்பருக்கு இடைவெளி, நட் உட்கார்ற இடம் கூம்பா உருண்டையான்னு எல்லாத்தையும் சரிபாருங்க.

இன்னொரு வழியும் இருக்கு. நிசான் 350இசட் டிராக், ஸ்போர்ட் பேக்கேஜ் 370இசட் கார்கள்ல ஃபேக்டரியிலேயே ரேஸ் செஞ்ச ஃபோர்ஜ்டு வீல் வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5-ல சில வகைகள்ல பிபிஎஸ் ஃபோர்ஜ்டு வீல் வருது. உரிமையாளர் வீல் மாத்தும்போது இதெல்லாம் செகண்ட் ஹேண்டுல கிடைக்கும். கார் கம்பெனியே சோதிச்ச வீல். வாங்குறதுக்கு முன்னாடி உள் பக்க ரிம்மைச் சுத்த விட்டு, வளைவோ விரிசலோ இருக்கான்னு பாருங்க.

இது எதுவும் பட்ஜெட்டுக்குள்ள அடங்கலைன்னா, சோதனை அறிக்கையோட வர்ற ஃபுளோ ஃபார்ம்டு வீலை வாங்குங்க. அறிக்கை இல்லாத ஃபோர்ஜ்டு வீலை விட அது மேல். டிஇ37 மாதிரியே தோற்றம் இருக்கிற நகல் சந்தையில நிறைய இருக்கு. ஆரத்தோட வளைவைக் காப்பி அடிக்கலாம். 3.7 கிலோவைக் காப்பி அடிக்கணும்னா பிரஸ் வேணும். அந்த 3.7 கிலோ உடையாம இருக்கணும்னா, அதுக்கு முன்னாடி சில வீல்களை உடைச்சுப் பார்த்திருக்கணும்.