காடு வாங்கப் போனேன்

புனேவுக்கு வந்து இருபது வருஷம். முல்ஷி பக்கம் ரெண்டு ஏக்கர் காடு விலைக்கு வந்தது. மயில் வரும், பசங்க ஓடியாடலாம்னு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். வக்கீல் நண்பர் சாத்பாராவை (நம்மூர் பட்டா, சிட்டா மாதிரி) புரட்டி ஒரு வரியைக் காட்டினார்: ‘தனியார் காடு’.

மகாராஷ்டிராவில் தனியார் காடுகள் 1975 ஆகஸ்ட் 30 அன்றே சட்டப்படி அரசுடைமை ஆகிவிட்டன. மும்பை முலுண்டில், 1950-களில் போட்ட வனத்துறை நோட்டீஸைக் காட்டி, கட்டி முடித்த குடியிருப்புகளையே காடு என்றது அரசு. உரியவர் கையில் சேராத நோட்டீஸ் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வீடு வாங்கியவர்களுக்கு நிம்மதி.

என் அட்வான்ஸ் தப்பிச்சது. நீங்களும் முதல்ல சாத்பாராவைப் பாருங்க, அப்புறம் மயிலைப் பார்க்கலாம்.