ஒட்டுப் போட்ட பெட்டியின் சரித்திரம்

அண்ணன் கழித்துக்கட்டிய லேப்டாப் எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பரணில் கிடந்தது. கீபோர்டு போய்விட்டது, திரைக்கும் மதர்போர்டுக்கும் ஒன்றுமில்லை. ரிச்சி தெருவில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் பெட்டிக்குள் பொருத்தினேன். வீடியோ கேம் மெஷின் தயார்!

"ஒட்டுப் போட்டதெல்லாம் ஒரு மெஷினாடா?" என்றார் அப்பா.

சரித்திரம் என் பக்கம். 1972-ல் அடாரி நிறுவனத்தின் ஆலன் ஆல்கார்ன், கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு பாரில் முதல் 'பாங்' பெட்டியை வைத்தார். உள்ளே இருந்தது கடையில் வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டிவி; சுற்றிலும் மரப்பெட்டி. அதுவும் ஒட்டுதான்! கொஞ்ச நாளில் மெஷின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், சில்லறை நிரம்பி அடைத்திருக்கிறது. வீடியோ கேம் பெரிய வியாபாரமானது அதற்குப் பிறகுதான்.

1997-ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 'மேம்' மென்பொருளை வெளியிட்டார். பழைய மெஷின்களின் சிப்புகள் செய்த வேலையைச் சாதாரண கம்ப்யூட்டரே செய்துகாட்டியது. என் பெட்டி ஓடுவதும் அதன் புண்ணியத்தில்தான்.

காமர்ஸ் பாடப்படி தேய்மானம் போட்டால் அந்த லேப்டாப்பின் மதிப்பு பூஜ்யம். ஆனால் நேற்று ராத்திரி அப்பா இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் :-)