குடும்ப டிரஸ்டுக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தல் (அமெரிக்கா)

அமெரிக்காவில் குடும்பச் சொத்துக்கு டிரஸ்ட் ஏற்படுத்துகிறவர், தாம் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டத்தையே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில் வசிப்பவர் தெற்கு டகோட்டா சட்டமே செல்லும் என்று பத்திரத்தில் எழுதி, அங்குள்ள ஒரு நிறுவனத்தை டிரஸ்டியாக நியமிக்கலாம். டிரஸ்ட் எத்தனை காலம் நீடிக்கும், கடன்காரர்கள் அதைத் தொட முடியுமா, எந்த மாநிலம் வரி கேட்கும், விவரங்கள் யார் கண்ணில் படும் என்பவை இந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகின்றன. தெற்கு டகோட்டா, நெவாடா, டெலவேர், அலாஸ்கா ஆகியவை இதற்காக அதிகம் நாடப்படும் மாநிலங்கள்.

இறந்தவர் விருப்பம் சொத்தை முடிவின்றிக் கட்டிப்போடுவதை ஆங்கிலேயப் பொதுச் சட்டம் ஏற்றதில்லை. 1682-இல் நார்ஃபோக் பிரபுவின் வழக்கில் வேர்விட்ட விதி, உயிரோடிருக்கும் ஒருவரின் ஆயுளும் அதற்குமேல் 21 ஆண்டுகளும் என்ற வரம்பாக நிலைபெற்றது. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்துமாற்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் இதன் வழி வந்ததே. தெற்கு டகோட்டா இந்த வரம்பை 1983-இல் நீக்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஆளுநர் பில் ஜாங்க்லோ காலத்தில், வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டு சிட்டிபேங்கின் கிரெடிட் கார்டு பிரிவை சூ ஃபால்ஸ் நகருக்கு வரவழைத்திருந்தது அம்மாநிலம். விவசாயத்தை நம்பி வாழ்ந்த, மக்கள்தொகை குறைந்த ஒரு மாநிலம், சட்டம் இயற்றும் அதிகாரத்தையே பிழைப்புக்கு வழியாக்கிக்கொண்டது. 1986-இல் பேரன் பேத்திகளுக்குப் போகும் சொத்தின் மீது கூட்டாட்சி வரி வந்தபோது காலவரம்பை நீக்கிய இந்த ஏற்பாட்டின் மதிப்பு கூடியது. சட்டம் தரும் விலக்குத் தொகையைக் காலவரம்பற்ற டிரஸ்டில் போட்டுவிட்டால், அது வளர்ந்தாலும் அடுத்தடுத்த தலைமுறைகளில் எஸ்டேட் வரிக்கு உட்படுவதில்லை. டெலவேர் 1995-இல் இதே வழியில் வந்தது. நெவாடா 365 ஆண்டுகள் அனுமதிக்கிறது.

கடன்காரர்களிடமிருந்து தப்பும் ஏற்பாடுதான் அதிகச் சர்ச்சைக்குரியது. தானே பயனாளியாக இருக்கும் டிரஸ்டில் சொத்தை வைத்துக்கொண்டு கடன்காரருக்குக் கைவிரிக்க முடியாது என்பது பழைய நெறி. பசிபிக்கிலுள்ள குக் தீவுகள் 1980-களிலேயே இந்நெறியைத் தளர்த்தின. அலாஸ்காவும் டெலவேரும் 1997-இலும், நெவாடா 1999-இலும், தெற்கு டகோட்டா 2005-இலும் தொடர்ந்தன. நெவாடாவிலும் தெற்கு டகோட்டாவிலும் சொத்தை மாற்றி இரண்டு ஆண்டுகள் கடந்தால் பொதுவாகக் கடன்காரர் வழக்கிட முடியாது. குழந்தை பராமரிப்புத் தொகை கேட்டு வருபவருக்குக்கூட நெவாடா தனி விலக்கு அளிப்பதில்லை. ஒப்பந்தம் போட்டுக் கடன் கொடுத்த வங்கியையும், பெற்றவரிடம் ஜீவனாம்சம் கேட்கும் குழந்தையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமான சட்டமாகாது.

பத்திரத்தில் எழுதியதை நீதிமன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் நிலம், கட்டடத் தொழில் செய்துவந்த ஒருவர் 2008-இல் அலாஸ்கா டிரஸ்ட் ஒன்றை அமைத்து, 2011-இல் திவால் மனு கொடுத்தார். அவருடைய சொத்துகள் இருந்ததும் கடன்காரர்கள் இருந்ததும் வாஷிங்டனில். அலாஸ்காவில் இருந்தது 10,000 டாலர் வைப்புத்தொகை மட்டுமே. 2013-இல் திவால் நீதிமன்றம் வாஷிங்டன் சட்டத்தையே பொருத்தி, டிரஸ்டின் பாதுகாப்பை நிராகரித்தது. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு இத்தகைய டிரஸ்டுக்கு மாற்றிய சொத்தைப் பத்து ஆண்டுகள் பின்னோக்கித் தோண்டி மீட்கக் கூட்டாட்சித் திவால் சட்டமும் 2005 முதல் இடம் தருகிறது. இத்தகைய வழக்குகளைத் தன் நீதிமன்றங்கள் மட்டுமே விசாரிக்கலாம் என்று அலாஸ்கா இயற்றிய விதி பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என அம்மாநில உச்ச நீதிமன்றமே 2018-இல் தீர்ப்பளித்தது. குக் தீவுகளின் டிரஸ்ட் ஒன்றில் பணத்தை வைத்திருந்த ஒரு தம்பதி, அது தங்கள் கையில் இல்லை என்று வாதாடியும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் அந்த உத்தரவை உறுதிசெய்தது. டிரஸ்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அவர்கள் தம் கையிலேயே வைத்திருந்ததுதான் காரணம்.

ரகசியமும் ஓர் ஈர்ப்பு. தெற்கு டகோட்டாவில் டிரஸ்ட் வழக்கின் ஆவணங்களைப் பொதுப் பார்வைக்கு வராமல் மூடிவைக்கலாம். வெளிநாட்டுச் செல்வந்தர்களும் இந்த வசதியைப் பயன்படுத்தியது 2021 அக்டோபரில் வெளியான பண்டோரா ஆவணங்கள் என்ற நிதி ரகசியக் கசிவால் உலகுக்குத் தெரிந்தது.

வருமான வரியில் தெற்கு டகோட்டா, நெவாடா, அலாஸ்கா ஆகியவை எதுவும் கேட்பதில்லை. ஆனால் பணக்காரர்கள் வாழும் மாநிலங்கள் சும்மா இருப்பதில்லை. பயனாளி தன் எல்லைக்குள் வசிக்கிறார் என்பதைக் காட்டி வட கரோலினா கேஸ்ட்னர் டிரஸ்ட் என்ற டிரஸ்டிடம் 13 லட்சம் டாலருக்கும் மேல் வரி வசூலித்தது. அவர் அந்த ஆண்டுகளில் டிரஸ்டிலிருந்து ஒரு டாலர்கூடப் பெறவில்லை. கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு இருக்கவில்லை. அந்த டிரஸ்ட் தொடுத்த வழக்கில் அந்த வரி செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் விதி வேறு: டிரஸ்டி எங்கே வசிக்கிறார் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. டிரஸ்டை நெவாடாவில் அமைத்துவிட்டு, நம்பிக்கைக்குரியவர் என்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தங்கையைக் கூட்டு டிரஸ்டியாகச் சேர்த்தால், வருமானத்தில் ஒரு பகுதிக்குக் கலிபோர்னியா வரி கட்ட வேண்டிவரும்.